ஏழு அறுபத்தைந்தா, ஒன்பதா

அண்ணைக்கு இடது கண் போன பிறகுதான் எங்கள் அறைக்குள் துப்பாக்கிப் பேச்சு வந்தது.

அவர் என் கூடப்பிறந்தவர் அல்ல. ஊரில் பஸ் சாரதியாக இருந்தவர், என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். எண்பதுகளின் நடுப்பகுதியில் சில மாத இடைவெளியில் நாங்கள் இருவரும் சுவிஸுக்கு வந்து தஞ்சம் கேட்டிருந்தோம். லுட்சேர்ன் நகருக்குப் பக்கத்தில், எம்மன்புரூக்கேயில் ஒரு பழைய மரவீட்டின் கூரையடியில் எங்களுக்கு ஓர் அறை கிடைத்தது. அந்தத் தளத்தைப் பலகை அடித்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பாதியில் நாங்கள். மற்றப் பாதியில் யாழ்ப்பாணத்துத் தம்பதி ஒன்று, ஒன்றரை வயதுப் பெண்பிள்ளையோடு. கணவனுக்கு நூல் தொழிற்சாலையில் வேலை. மனைவிக்கு இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும். பிள்ளை இருமினால் எங்களுக்குக் கேட்கும். நாங்கள் தேத்தண்ணிக்குச் சீனி கலக்குவது அவர்களுக்குக் கேட்கும்.

நான் லுட்சேர்னில் ஓர் உணவகத்தின் சமையலறையில் சட்டிபானை கழுவினேன். அண்ணை ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புகள் தோய்த்தார். தோய்ப்பது தன் தொழில் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. வந்த இரண்டாம் மாதமே எங்கோ ஒரு பழைய வீதிச்சட்டப் புத்தகத்தைத் தேடிப் பிடித்திருந்தார். ஜெர்மன் வாசிக்கத் தெரியாது. படங்களைப் பார்த்து, சந்தியில் எந்த வாகனம் முதலில் போகலாம் என்று விரலால் ஓட்டிக் காட்டுவார். இங்கே வலப்பக்கத்தால் வருகிறவனுக்குத்தான் முதலிடம் என்று கண்டுபிடித்த அன்று எனக்கு அதை மூன்று தடவை விளங்கப்படுத்தினார். வதிவிட அனுமதி கிடைத்து, பாஷையும் கொஞ்சம் வந்துவிட்டால் பஸ் ஓட்டலாம் என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணத்தை வைத்துக்கொண்டுதான் அவர் குளிருக்குள் எழும்பி வேலைக்குப் போனார்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், வேலை முடிந்து பாலத்தடி நிறுத்தத்தில் இறங்கியபோது மூன்று பொடியன்கள் அவரை மறித்தார்கள். ஒருவன் சிகரெட் கேட்டான். அண்ணை இல்லை என்றார். அவர் சொன்ன விதத்திலேயே மூவரும் அதைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு ஒருவன் பியர்ப் போத்தலால் முகத்தில் அடித்தான். விழுந்த பிறகு மற்ற இருவரும் காலால் உதைத்தார்கள். நிறுத்தத்தில் ஒரு வயதான தம்பதி நின்றார்களாம். அவர்கள் மெல்ல நகர்ந்து மறுகோடிக்குப் போய் நின்று, அடுத்த பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்கள். இதை என்னிடம் சொன்னபோது அண்ணை அடித்தவர்களைப் பற்றி இரண்டு வசனம்தான் சொன்னார். மிச்சம் முழுவதும் அந்தத் தம்பதியைப் பற்றியது. கிழவியின் கையில் நூலால் கட்டிய கேக் பெட்டி ஒன்று இருந்தது என்றார்.

ஆஸ்பத்திரியில் இடது கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. பொலிஸார் வந்து கட்டிலருகில் இருந்து எழுதிக்கொண்டு போனார்கள். அவர் ஏதாவது சொல்லி அவர்களைச் சீண்டினாரா என்று இரண்டு தடவை கேட்டார்கள். நான்தான் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் மொழிபெயர்த்தேன். பொடியன்கள் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. ஹோட்டலில், சுகமானதும் வரச் சொன்னார்கள். சுகமாகிப் போனபோது வேறொருவரை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று அண்ணை செய்த முதல் வேலை, அந்த வீதிச்சட்டப் புத்தகத்தை எடுத்துக் கீழே பழைய கடதாசி கட்டி வைக்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்ததுதான். 

அதற்குப் பிறகு இரண்டு கிழமை கழித்து, கீழ் வாசலில் தபால் பெட்டியில் எங்கள் பெயர்கள் எழுதி ஒட்டியிருந்த அட்டையை யாரோ ஆணியால் சுரண்டி எடுத்திருந்தார்கள். நான் புதிதாக எழுதி ஒட்டினேன். அதையும் சுரண்டினார்கள். மூன்றாவது தடவை எழுதிக்கொண்டிருந்தபோது அண்ணை கட்டிலில் படுத்தபடியே சொன்னார்.

"எழுதாத தம்பி. எங்க இருக்கிறமெண்டு அவங்களுக்குக் காட்டாத. ஒரு துவக்கு எடுப்பம்."

நான் அதற்குச் சிரித்திருக்க வேண்டும், அல்லது ஏசியிருக்க வேண்டும். ஏனென்றால் துப்பாக்கி என்ன செய்யும் என்று அந்த வீட்டில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. ஊரில் நான் ஆஸ்பத்திரியொன்றில் எழுதுவினைஞன். வருகிற நோயாளரைப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. கடைசி இரண்டு வருடத்தில், நான் எழுதியவற்றில் துப்பாக்கிச்சூட்டுக் காயங்கள்தான் அதிகம். சன்னம் உள்ளே போன இடம், வெளியே வந்த இடம் என்று டாக்டர் சொல்லச் சொல்ல எழுதுவேன். வெளியே வந்த இடம் இல்லையென்றால் ஒரு கோடு போடுவேன். உடம்பில் மூன்று ஓட்டையோடு நடந்து வந்து, வாங்குப் பலகையில் உட்கார்ந்து பால் போடாத பிளேன்டீ கேட்ட ஒருவரை எனக்குத் தெரியும். தொடையில் ஒரு சின்னக் காயம், அவ்வளவுதான், என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோன பள்ளிக்கூடப் பிள்ளையையும் தெரியும். அவனுடைய பெயரை எழுதி முடிக்குமுன் டாக்டர் என் பேனையைப் பிடித்து நிறுத்தி, இறந்தவர்களுக்குரிய பக்கத்தில் எழுதச் சொன்னார்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் அடுத்த நாள் வேலைக்குப் போனதும் நான் சமையலறைத் தலைவரிடம் கேட்டேன்.

அவரை எல்லோரும் ஷெஃப் என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பது வயதிருக்கும். பெரிய உருவம், சிவந்த கழுத்து. இராணுவப் பயிற்சிக்கு வருடாவருடம் போய்வருகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கி சுடும் சங்கத்துக்குப் போவார். அந்த நாட்டில் அது எங்களூர் ஆட்கள் வாசிகசாலைக்குப் போவது போல. அண்ணைக்கு நடந்ததைக் கேட்டபோது, அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். மறுநாள் ஒரு பெரிய பாத்திரம் நிறையச் சூப் தந்து அனுப்பினார். அந்தச் சமையலறையில் என்னை முகம் பார்த்துக் கதைத்த ஒரே ஆள் அவர்தான்.

நான் கேட்டதை அவர் பகிடியாக எடுக்கவில்லை. கடையில் வாங்குவதென்றால் பொலிஸ் தருகிற பத்திரம் வேண்டும், தஞ்சம் கேட்டவன் என்று உன் கையிலிருக்கிற அட்டைக்கு அதைத் தரமாட்டார்கள் என்றார். பிறகு, ஞாயிற்றுக்கிழமை உன் நண்பரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா என்றார்.

அவருடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கட்டம் போட்ட துவாய் ஒன்றை விரித்து அதன்மேல் மூன்று கைத்துப்பாக்கிகளை வைத்திருந்தார். மனைவி கோப்பியும், வெண்ணெய் பூசிய பாணும் கொண்டுவந்து அவற்றுக்குப் பக்கத்திலேயே வைத்தார். துப்பாக்கியை ஒருவர் இப்படிச் சாப்பாட்டோடு வைத்திருப்பதை நான் முதல்முதலாக அங்கேதான் பார்த்தேன். ஊரில் அதைக் கண்டால் ஓடுவோம், அல்லது கையைத் தூக்குவோம்.

அண்ணை தொடவில்லை. வலது கண் மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. கட்டுப் போட்ட பக்கம் வியர்த்திருந்தது.

ஷெஃப் ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டிச் சொன்னார். எல்லாமே கலிபரில், சன்னம் எத்தனை மில்லிமீற்றர் தடிப்பு என்பதில், இருக்கிறது என்றார். சிறியது ஆறு தசம் மூன்று ஐந்து, பேச்சில் ஆறு முப்பத்தைந்து. அவருடைய மனைவியினது. உள்ளங்கைக்குள் அடங்கும், கையை உதறாது, ஆனால் கோபத்தோடு வருகிற ஒருவனுக்கு அது பட்டதே தெரியாமல் போகலாம். நடுவில் இருந்தது ஏழு அறுபத்தைந்து. பொலிஸ்காரராக இருந்த அவருடைய தகப்பனின் துப்பாக்கி. தகப்பன் அதை முப்பது வருடம் இடுப்பில் கட்டியிருந்தார், ஒரு விசர் நாயைத் தவிர வேறெதையும் சுட்டதில்லை. பெரியது ஒன்பது மில்லிமீற்றர். அது அவருக்கு இராணுவம் கொடுத்தது. இதுதான் ஆளை நிற்பாட்டும் என்றார்.

நிற்பாட்டும் என்ற அந்தச் சொல்லை அவர் பல தடவை சொன்னார். கொல்லும் என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. எதிரே வருகிறவன் எத்தனை அடி தூரத்தில் நிற்பான், எத்தனை தடவை சுட வேண்டிவரும் என்றெல்லாம், ஒரு இறைச்சித் துண்டு எவ்வளவு நேரம் வேக வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தருகிற அதே பொறுமையோடு சொன்னார். பிளேன்டீ கேட்ட மனிதரைப் பற்றி நான் அவரிடம் சொன்னேன். மூன்று ஓட்டை, பெரிய துவக்கு என்றேன். சில நேரம் அப்படித்தான் என்றார். தொடையில் காயப்பட்ட பிள்ளையைப் பற்றி நான் சொல்லவில்லை. அவருடைய மனைவி பாண் வெட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு நாங்கள் சங்கத்தின் சுடுதளத்துக்குப் போனோம். ஊருக்கு வெளியே காட்டோரம், மண்மேடொன்றின் முன்னால் அது இருந்தது. அங்கே நின்ற ஐந்தாறு ஆண்கள் எங்களைக் கண்டதும் கதையை நிறுத்தினார்கள். ஒருவர் ஷெஃப்பிடம் ஏதோ கேட்டார். அதற்கு அவர், இவன் என்னுடைய சட்டி கழுவுகிற ஆள் என்று மட்டும் சொன்னார். அது போதுமானதாக இருந்தது.

நான் சுட்டது எதுவும் படவில்லை. ஒன்பது மில்லிமீற்றர் கையிலிருந்து பாய்ந்து போகிற மாதிரி உதறியது. ஒவ்வொரு வெடிக்கும் என் தோள் தானாகவே குனிந்தது. காதை மூடியிருந்தும் அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. இரண்டாம் வெடியோடு வைத்துவிட்டேன். அண்ணை எழும்பி வந்து துப்பாக்கியை வாங்கினார்.

"குறி பார்க்க ஒரு கண்ணை மூடவேணுமாம் தம்பி. எனக்கு அந்த வேலை மிச்சம்."

அவர் எட்டுத் தடவை சுட்டார். ஆறு வெடி குறி அட்டையில் பட்டது. இரண்டு நடுக் கறுப்புக்குள். பத்து வருடம் பஸ்ஸின் ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்திருந்த கை நடுங்கவேயில்லை. நின்ற ஆண்களில் ஒருவர் அவருடைய தோளில் தட்டினார். அண்ணை சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அடிபட்ட நாளுக்குப் பிறகு அவர் அன்றுதான் சிரித்தார். ஆனால் அந்த அட்டையில் அவர் யாரைப் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும்.

திரும்பி வந்து இரண்டு நாளாக அறைக்குள் இதே வாக்குவாதம்தான். அண்ணைக்கு ஒன்பது வேண்டும். ஒரே வெடியில் ஆள் விழவேண்டும், இரண்டாம் வெடிக்கு அவன் என்னை விடமாட்டான் என்றார். நான் ஆறு முப்பத்தைந்து என்றேன். சத்தம் போட்டுப் பயப்படுத்தினால் போதும், ஓடிவிடுவார்கள் என்றேன். பயப்படுத்துவதற்குத் தகரத்தைத் தட்டலாமே என்று அண்ணை கேட்டார். எல்லாவற்றையும் நாங்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினோம். மறுபக்கத்தில் அந்தப் பெண் தன் பிள்ளையைத் தாலாட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்குப் பலகைச் சுவர் நினைவுக்கு வந்தது. எங்கள் கதவுக்குப் பூட்டு இல்லை, அது நேராக அந்தச் சுவரின் மூலையில் இருந்தது. கதவால் வருகிற ஒருவனைக் கட்டிலடியில் நின்று சுட்டால், சன்னம் எங்கே போகும் என்று பார்த்தேன். தவறினாலும் போகும், அவனைத் துளைத்தாலும் போகும், நேரே அந்தப் பிள்ளையின் தொட்டில் பக்கம். மறுநாள் ஷெஃப்பிடம் கேட்டேன். பலகை எவ்வளவு தடிப்பு என்று கேட்டார். விரலால் காட்டினேன். அவர் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அதற்குக் கலிபர் பார்த்துப் பயனில்லை. மூன்றுமே போகும்."

அந்த இடத்தில் நான் இதை விட்டிருக்கலாம். விடவில்லை. கட்டிலை மாற்றிப் போட்டால் கோணம் மாறும் என்று யோசித்தேன். பலகையில் சாய்த்து அலுமாரியை வைக்கலாம் என்று யோசித்தேன். நான் இப்படி அறையை அளந்து பார்ப்பதைக் கண்டால் எவனும் எனக்கு விசர் என்பான். அந்த நாட்களில் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது யாராவது பின்னால் வந்தால் விலகி அவனை முன்னால் விடுவேன். நான் இரவுச் சேவைக்கு முன் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை வீட்டுக்கு வருவேன். அந்த நேரம் முழுவதும் கட்டிலில் இருந்து படிகளைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன். எந்தப் படி எப்படிக் கிறீச்சிடும் என்று எனக்கு மனப்பாடம்.

கடைசியில் எங்கள் வாக்குவாதத்துக்கு ஒரு பெறுமதியும் இருக்கவில்லை. ஒன்பது இராணுவத்தினது, அதை ஷெஃப் யாருக்கும் கொடுக்க முடியாது. ஆறு முப்பத்தைந்தைக் கொடுக்க மனைவி விரும்பவில்லை. தகப்பனின் துப்பாக்கிதான் சும்மா இருந்தது. ஒரு திங்கட்கிழமை அவர் ஏழு அறுபத்தைந்தை ஒரு கடதாசிப் பைக்குள் வைத்து, மேலே கிழங்கு போட்டுத் தந்தார். கொஞ்ச நாளைக்கு மட்டும், யாருக்கும் சொல்லாதே என்றார். அதைக் கொடுத்தால் தனக்கும் பிரச்சினை வரும் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் கொடுத்தார். அவர் எங்களுக்கு நல்லது செய்ய விரும்பினார், அவருக்குத் தெரிந்த நல்லது அதுதான்.

நாங்கள் அதை அண்ணையின் தலையணைக்கு அடியில் வைத்தோம். ஒன்பது நாள் அது அங்கே இருந்தது. அதை வைத்துக்கொண்டு நன்றாக நித்திரை கொள்ளலாம் என்று நினைத்தது பிழை. முன்பு ஒருவன் வந்தால் என்ன நடக்கும் என்று மட்டும்தான் பயந்தேன். இப்போது, வந்தால் நான் என்ன செய்யவேண்டும் என்பதும் சேர்ந்துகொண்டது.

பத்தாம் நாள் மத்தியானம் அண்ணை கண்ணாடிக் கண் அளவு கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நான் வழமைபோல இரண்டரைக்கு வந்து அவருடைய கட்டிலில் படுத்திருந்தேன். வெளியே பனிப்புகார் யன்னலை அடைத்திருந்தது. மூன்று மணியளவில், எங்கள் கதவின் கைபிடி மெல்லக் கீழே இறங்குவதைக் கண்டேன். யாரும் தட்டவில்லை. படி கிறீச்சிடவில்லை. கைபிடி பாதிவரை இறங்கி நின்று, பிறகு மறுபடியும் இறங்கியது, யாரோ சத்தமில்லாமல் திறக்கப் பார்க்கிற மாதிரி.

துப்பாக்கியை எப்போது எடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை. கட்டிலடியில் நின்றிருந்தேன். பாதுகாப்புப் பூட்டைத் தள்ளிவிட்டிருந்தேன். இரண்டு கையாலும் நேரே நீட்டிப் பிடித்திருந்தேன், சுடுதளத்தில் ஷெஃப் காட்டித் தந்தது போல. விரல் விசையில் இருந்தது. விசையில் முதலில் ஒரு தளர்வு இருக்கும், அதைத் தாண்டினால்தான் வெடிக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். அந்தத் தளர்வை என் விரல் ஏற்கெனவே தாண்டியிருந்தது.

கதவு திறந்தது. பக்கத்து அறைப் பெண் நின்றாள். இடுப்பில் பிள்ளை. மற்றக் கையில் மூடி போட்ட கூழ்ச் சட்டி. இரண்டு கையும் நிறைந்திருந்தபடியால் முழங்கையால்தான் கைபிடியை அமத்தியிருந்தாள்.

அண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவள் ஒவ்வொரு மத்தியானமும் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைத்திருக்கிறாள். அவர் நித்திரை கொள்வார் என்பதற்காகத் தட்டாமல், சத்தம் வராமல் திறந்து வைத்துவிட்டுப் போவாளாம். நான் வருமுன்னே வந்து போகிறவள், அன்றுதான் பிந்தியிருந்தாள், எனக்கு அது தெரியாது. அண்ணை வெளியே போயிருப்பதும், அங்கே நான் தனியே இருப்பதும் அவளுக்கும் தெரியாது.

அவள் கத்தவில்லை. துப்பாக்கியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மிகவும் மெதுவாக, நித்திரையில் இருக்கிற ஒருவரை எழுப்பிவிடாமல் கதைப்பது போல என்னிடம் சொன்னாள்.

"அண்ணை, பிள்ளை இடுப்பில இருக்கு."

என் கை இறங்கவில்லை. இறக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும், ஆனால் கை எனக்குரியதாக இருக்கவில்லை. பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. அதற்கு என்னைத் தெரியும். பின்னேரங்களில் கூப்பிட்டு விளையாடுகிறவன் நான். அது நான் நீட்டியிருந்ததைப் பிடிக்கக் கையை நீட்டியது. அந்தப் பெண் உடம்பைத் திருப்பி, பிள்ளைக்கும் எனக்கும் நடுவே தன் முதுகைக் கொண்டுவந்தாள். முழங்காலை மடித்துக் கூழ்ச் சட்டியை நிலத்தில் வைத்தாள். அப்படியே, முதுகை என் பக்கம் காட்டியபடி நடந்து போனாள். தன் அறைக் கதவைச் சாத்தியதும் அவள் அழுகிற சத்தம் பலகையால் வந்தது. பிறகு அதுவும் நின்றது. தலையணையில் வாயைப் பொத்தியிருப்பாள். எனக்குக் கேட்டுவிடும் என்ற பயம்.

நான் துப்பாக்கியை வைத்தபோது விரல் மடங்கியபடியே இருந்தது. மற்றக் கையால் நிமிர்த்தினேன்.

அன்று நான் வேலைக்குப் போகவில்லை. பின்னேரம் அவளுடைய கணவன் வந்தான். என் வயதுக்காரன். சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன், வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. நிலத்திலிருந்த தங்கள் சட்டியைக் குனிந்து எடுத்தான். கூழ் அப்படியே இருந்தது.

"நாங்கள் உந்தத் துவக்குக்குப் பயந்துதான் அங்கயிருந்து வந்தனாங்கள்," என்றான். "இஞ்ச வெள்ளைக்காரனுக்குப் பயப்பிடுறதெண்டு நினைச்சன். உங்களுக்குப் பயப்பிட வேணுமெண்டு நினைக்கேல்ல."

மன்னிப்புக் கேட்டேனா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. கேட்டிருப்பேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

அண்ணைக்கு நான் சொல்லவில்லை. பக்கத்து அறைக்காரர்தான் சொன்னார்கள். அவர் அறைக்கு வந்து, மேலங்கியைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். அன்று தந்த தற்காலிகக் கண் அவருடைய முகத்தில் இருந்தது. அது என் பக்கம் திரும்பியிருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"உன்னில பிழை சொல்ல மாட்டன் தம்பி," என்றார். "நானெண்டாச் சுட்டிருப்பன். கதவு எனக்குக் கண் இல்லாத பக்கம்."

 அன்றிரவு முழுக்க அவர் கட்டிலுக்குப் போகவில்லை. சுடுதளத்தில் நடுக் கறுப்பில் பட்ட இரண்டு வெடியும் அவருக்கு நினைவில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் சுட்டிருந்தால் தவறியிருப்பேனோ என்னவோ. அவர் தவறியிருக்க மாட்டார்.

மறுநாள் நான் ஏழு அறுபத்தைந்தைக் கிழங்குப் பையில் வைத்து ஷெஃப்பிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்ன நடந்தது என்று கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை என்றேன். அவர் ரவைகளை எண்ணிப் பார்த்தார். எல்லாம் இருந்தன. திருப்தியோடு அதைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, வேண்டுமென்றால் மனைவியிடம் சிறியதைக் கேட்டுப் பார்க்கிறேன், அது உனக்குக் கைக்குப் பொருந்தும் என்றார். நான் நன்றி சொல்லிவிட்டுச் சட்டிகளிடம் போனேன். அந்த நல்ல மனிதருக்கு என்னால் அதை விளங்கப்படுத்த முடியவில்லை. எனக்கு அவ்வளவு ஜெர்மன் தெரியாது. தமிழிலும் இதை நான் யாருக்கும் சொல்லியதில்லை.

அந்த மாத முடிவில் பக்கத்து அறைக்காரர் ரெனான் என்கிற ஊருக்குப் போனார்கள். அங்கே சொந்தக்காரர் யாரோ இருந்தார்கள். கணவன் நூல் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டான். வேறு கன்டோனுக்கு, வேறு மாகாணத்துக்கு, மாற அனுமதி கேட்டு அலைந்திருக்கிறார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. துப்பாக்கியைப் பற்றி அவர்கள் பொலிஸில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்கள் இருவருடைய வழக்கும் அன்றோடு முடிந்திருக்கும். அதைத் தெரிந்துகொண்டுதான் சொல்லாமல் விட்டார்கள். போகிற காலை நான் சாமான் இறக்கிக் கொடுக்கப் படிக்கு வந்தேன். அந்தப் பெண் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, நான் கடந்து போகும்வரை மேல்தட்டில் நின்றாள்.

பிறகு எங்கள் அறைக்கு ஆட்கள் வருவது நின்றது. முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க்காரர் நாலைந்து பேர் வந்து இருந்து சீட்டு விளையாடுவார்கள், சமைப்பார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை. வேலை, குளிர் என்றார்கள். கதை எப்படியோ பரவியிருந்தது. தபால் பெட்டியில் பெயரைச் சுரண்டியவனும் அதற்குப் பிறகு வரவில்லை. அவன் யாரென்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. பாலத்தடியில் அடித்தவர்களும் இவனும் ஒருவர்தானா, அல்லது வீதியில் விளையாடுகிற ஏதோ பிள்ளையா, அதுவும் தெரியாது.

பனி கரைகிற காலத்தில் அண்ணை ஊருக்குத் திரும்பவென்று தன் தஞ்சக் கோரிக்கையை மீளப் பெற்றுக்கொண்டார். நான் எவ்வளவோ சொன்னேன். அங்கே போனால் செத்துப்போகலாம் என்றேன். ஓம் என்றார். இங்கே கண்ணாடிக் கண்ணையாவது ஒழுங்காகப் போட்டு முடிக்கலாமே என்றேன். அதற்கும் ஓம் என்றார். பிறகு போய்விட்டார். கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் முன் இருக்கையில் இடம் கிடைத்ததாக எழுதியிருந்தார். அதற்குப் பிறகு கடிதம் இல்லை. அவருக்கு என்ன நடந்ததென்று இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். எதையும் நான் நம்பவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

அந்தக் கோடையில் எனக்கு இரண்டாவது விசாரணை வந்தது. அதிகாரி, மொழிபெயர்ப்பாளர், தட்டச்சு செய்கிற ஒரு பெண். ஊரில் எனக்கு என்ன ஆபத்து என்று ஒரு மணித்தியாலம் கேட்டார்கள். சொன்னேன். ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் பற்றி, நான் எழுதிய பெயர்களைப் பற்றி, அவற்றைக் கேட்டு வந்தவர்களைப் பற்றிச் சொன்னேன். முடிக்கிறபோது அதிகாரி கோப்பை மூடிவிட்டு, எழுதுவதற்காக அல்ல, சும்மா கேட்பது போல, சுவிஸில் உங்களுக்கு ஏதாவது பிரச்சினை இருக்கிறதா, இங்கே பாதுகாப்பாக உணர்கிறீர்களா என்று கேட்டார். நல்ல முகமுள்ள இளைஞர். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லி முடிக்கும்வரை நான் காத்திருந்தேன்.

"ஓம்," என்றேன். "இஞ்ச ஒரு பிரச்சினையும் இல்லை."

தட்டச்சு செய்த பெண் அதையும் எழுதினாள்.